சரி போடாத காலைகள்: திருகோணமலை ஆசிரியர் ஒருவரின் அன்றாட வழக்கம் பற்றிய நிகழ்வு ஆய்வு

இந்த நிகழ்வு, திருகோணமலை நகருக்கு வடக்கே உப்புவெளிப் பக்கத்தில் வசிக்கும் 46 வயது ஆசிரியர் ஒருவரைப் பற்றியது. அவர் பகலில் பாடசாலையிலும் மாலையில் தனியார் வகுப்புகளிலும் உயர்தர மாணவர்களுக்கு இணைந்த கணிதம் கற்பிப்பவர். உளவளத்துணையாளராக நான் அவரை ஜூன் மாதத்திலிருந்து ஜனவரி மாதம் வரை 11 தடவை சந்தித்தேன். இதை எழுதுவதற்கு அவருடைய எழுத்துமூலமான ஒப்புதல் பெறப்பட்டிருக்கிறது. அவரை இனங்காட்டக்கூடிய விவரங்கள் மாற்றப்பட்டிருக்கின்றன.

மனம் அமைதியடைய ஒரு நல்ல பழக்கத்தைச் சொல்லித் தாருங்கள் என்று கேட்டு வருபவர்களே என்னிடம் அதிகம். இவர் அப்படிக் கேட்கவில்லை. மன அமைதிக்கென்று காணொளிகளில் சொல்லப்படும் பழக்கங்கள் அநேகமாக அனைத்தையும் ஓராண்டுக்கு மேலாகச் செய்துவந்து, அதன் முடிவில் நித்திரையையும் நிதானத்தையும் இழந்த நிலையில் வந்தார். நல்ல பழக்கங்கள் ஒருவரை இந்த இடத்துக்கு எப்படிக் கொண்டுவந்து நிறுத்தின என்பதை விளங்கிக்கொள்ள எனக்கே சில மாதங்கள் எடுத்தன. நடுவில் நான் விட்ட பிழை ஒன்றும் இருக்கிறது. அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

அவர் கொண்டுவந்த கொப்பி

முதற் சந்திப்பு ஜூன் நடுப்பகுதியில் நடந்தது. கச்சான் காற்று வீசும் அந்த மாதங்களில் இங்கே பிற்பகல்கள் வறண்டு, புழுதி பறந்து, எவருக்கும் சிடுசிடுப்பைத் தரக்கூடியவை என்பதால், அவர் சொன்ன எரிச்சலில் காலநிலைக்கும் ஒரு பங்கு இருக்குமோ என்றுதான் முதலில் யோசித்தேன். அவர் மேசையில் எடுத்து வைத்த சதுரக்கோட்டுக் கொப்பியைப் பார்த்த பிறகு அந்த யோசனையைக் கைவிட்டேன்.

அந்தக் கொப்பியில் ஒரு பக்கம் ஒரு மாதம். மேலிருந்து கீழாகத் திகதிகள். இடமிருந்து வலமாக 14 பழக்கங்கள். காலை 4 மணிக்கு எழும்புதல், வெந்நீர் குடித்தல், கைத்தொலைபேசிச் செயலியோடு மூச்சுப் பயிற்சி, நன்றி சொல்லும் குறிப்பு மூன்று, ஆங்கிலச் சொற்கள் பத்து, 10,000 அடி நடை என்று அந்த வரிசை நீண்டு, வெள்ளிக்கிழமைகளில் கோணேசர் கோயில் என்பதில் முடிந்தது. செய்ததற்குச் சிவப்புப் பேனையால் சரி, தவறியதற்குப் பிழை. விடைத்தாள் திருத்துகின்ற அதே பேனை. மாத முடிவில் நூற்றுக்கு எத்தனை என்று தனக்குத் தானே புள்ளியும் போட்டிருந்தார். மே மாதத்துக்கு 97.

"மிஸ், நான் ஒண்டையும் விடுறதில்லை. எல்லாம் செய்யிறன். ஆனா ஆரோ பின்னால துரத்திக்கொண்டு வாற மாதிரியே இருக்கு," என்றார்.

இரவு பதினொன்றரைக்குப் படுத்து அதிகாலை 4 மணிக்கு எழும்பினால் கிடைப்பது நாலரை மணித்தியாலம். அதிலும் இரண்டு மணிக்கு ஒரு தடவை விழித்து, இன்னும் எவ்வளவு நேரம் மிச்சம் என்று கணக்குப் பார்ப்பார். வளர்ந்தவர்களுக்கு ஏழு மணித்தியாலமாவது நித்திரை வேண்டும் என்பது பரவலாக ஏற்றுக்கொள்ளப்பட்ட அளவு. வகுப்பில் முன்பு இல்லாத சத்தம் போடத் தொடங்கியிருந்தார். அவரை என்னிடம் வரவைத்த சம்பவம் வீட்டில் நடந்தது: 74 வயதுத் தாயார் காலைச் சாப்பாட்டை மெதுவாகச் சாப்பிட்டதற்காகக் கோபப்பட்டுத் தட்டைத் தள்ளிவிட்டார். அன்று மாலை மனைவி, "நீங்க வீட்டில இருக்கிறீங்க, ஆனா எங்களோட இல்லை" என்று சொல்லியிருக்கிறார். அந்த வசனத்தை அவர் என்னிடம் மூன்று தடவை சொன்னார்.

உடல் ரீதியான காரணங்கள் இருக்கலாம் என்பதால் முதலில் வைத்தியரிடம் அனுப்பினேன். இரத்த அழுத்தம் சற்று உயர்ந்திருந்ததைத் தவிர வேறு குறை காணப்படவில்லை. மனச்சோர்வு நோய்க்குரிய அறிகுறிகளும் போதியளவு இருக்கவில்லை. வேலையினால் உண்டாகும் உச்சச் சோர்வை உலக சுகாதார நிறுவனம் 2019 இல் விவரித்தபோது, சக்தி வற்றிப்போதல், வேலையிலிருந்து மனம் விலகிக் கசந்துபோதல், தன்னால் ஆகாது என்ற உணர்வு ஆகிய மூன்றைக் குறிப்பிட்டது. முதலாவது இவரிடம் முழுமையாக இருந்தது. மற்ற இரண்டும் இல்லை. கற்பித்தலில் அவருக்கு இன்னும் பிடிப்பு இருந்தது.

இதற்கு முன் நடந்தவை

தகப்பனார் இறந்து அப்போது 14 மாதங்கள் ஆகியிருந்தன. இறுதிக் கிரியைகளை மூத்த மகனாக இவரே செய்தார். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்குக் கன்னியா வெந்நீரூற்றுக்குப் போனார்கள். இராவணன் தன் தாயின் கிரியைக்காக உண்டாக்கியது என்று ஐதீகம் சொல்லும் அந்த ஏழு கிணறுகளிலும் சூடு ஒன்றுக்கொன்று சற்று வேறுபடும்; ஒவ்வொன்றாக அள்ளித் தலையில் வார்த்துக்கொண்டு வந்தவர், அடுத்த நாள் மாலை வகுப்புக்குப் போய்விட்டார். பரீட்சை கிட்ட இருந்தது என்பது அவர் சொன்ன காரணம். கொப்பியின் முதற் பக்கமும் அந்த வாரத்தில்தான் தொடங்குகிறது. இந்தப் பொருத்தத்தை நான் காட்டும்வரை அவர் கவனித்திருக்கவில்லை.

துக்கம் காப்பதற்கு நம்மிடம் ஏற்கெனவே ஓர் ஒழுங்கு இருக்கிறது. அந்த முப்பத்தொரு நாளும் வீட்டில் அடுப்பு எரிவதிலிருந்து யார் எங்கே இருப்பது என்பது வரை வழக்கம் தீர்மானித்துவிடுகிறது. எவரும் உருப்படியாக எதையும் செய்ய வேண்டியதில்லை. அந்த நாட்கள் முடிந்ததும் தன் முன்னால் பெரிய வெறுமை ஒன்று நின்றதாகவும், அதை நிரப்பவே அட்டவணை போட்டதாகவும் அவர் பின்னொரு சந்திப்பில் சொன்னார். அது தவறென்று எனக்குத் தோன்றவில்லை. அந்த நேரத்தில் அவரைத் தாங்கிப் பிடித்ததே அந்த அட்டவணையாக இருக்கலாம். ஆனால் தாங்குவதற்கு வைத்த முட்டு, காலம் போகப் போக வீட்டின் நடுவே நின்று வழியை மறித்துவிட்டது.

அளப்பது என்ன செய்கிறது

நமது பாடசாலைகளிலும் அலுவலகங்களிலும் உற்பத்தித்திறன் என்ற சொல் சுவரிலேயே எழுதப்பட்டிருக்கும். ஜப்பானிலிருந்து வந்த ஐந்து எஸ் முறையின்படி அலுமாரிகளுக்கு இலக்கமிடுகிறோம். தேசிய உற்பத்தித்திறன் விருதுக்குப் பாடசாலைகள் போட்டியிடுகின்றன. களஞ்சிய அறையை ஒழுங்குபடுத்த அது நல்ல முறை, அதில் ஐயமில்லை. இந்த ஆசிரியர் அதே கண்ணோடு தன் விடியற்காலையையும் பார்த்தார் என்பதுதான் இங்கே கவலைக்குரியது.

அவர் உறுதியாக நம்பிய இரண்டு எண்களின் பிறப்பை அவருக்கு எடுத்துச் சொன்னேன். கணித ஆசிரியர் என்பதால் எண்ணின் மூலத்தை அறிந்தால் அதன் பிடி தளரும் என்று எதிர்பார்த்தேன். நாளொன்றுக்கு 10,000 அடி என்பது மருத்துவ ஆய்வொன்றின் முடிவாகப் பிறந்ததல்ல. 1965 இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த அடி எண்ணும் கருவி ஒன்றுக்கு 'பத்தாயிரம் அடி அளவி' என்று பொருள்படும் பெயர் வைத்ததிலிருந்து பரவியது. 21 நாள் செய்தால் எதுவும் பழகிவிடும் என்பது, தங்கள் புதிய முகத்துக்குப் பழக நோயாளிகளுக்குக் குறைந்தது ஏறக்குறைய 21 நாள் ஆகிறது என்று அமெரிக்க முகச்சீரமைப்பு அறுவைச் சிகிச்சை வைத்தியர் ஒருவர் 1960 இல் எழுதியதன் திரிபு. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை 12 வாரங்கள் கவனித்து 2010 இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பழக்கம் தானாக நடக்கத் தொடங்குவதற்குச் சராசரியாக 66 நாட்கள் எடுத்தன. ஆளுக்கு ஆள் அது 18 இலிருந்து 254 வரை வேறுபட்டது. இடையில் ஒரு நாள் தவறியது பழக்கம் உருவாவதைப் பெரிதாகப் பாதிக்கவில்லை என்பதும் அதே ஆய்வின் முடிவு. 12 வாரம் கவனித்துவிட்டு 254 நாள் என்று எப்படிச் சொல்லலாம் என்று அவர் உடனே கேட்டார். அது வளைகோட்டை நீட்டிப் பெற்ற மதிப்பீடு என்று நான் விளக்கியபோது, முதற் தடவையாக அவர் முகத்தில் ஆர்வம் தெரிந்தது.

அவருடைய நிலைக்கு இவற்றை விடப் பொருத்தமானது வேறோர் ஆய்வு வரிசை. 1973 இல் ஸ்ரான்ஃபோர்டில் மார்க் லெப்பர் குழுவினர், விரும்பிப் படம் வரையும் சிறு பிள்ளைகளில் ஒரு பகுதியினருக்கு, வரைந்தால் சான்றிதழ் தருவதாக முன்கூட்டியே சொன்னார்கள். பிறகு அந்தப் பிள்ளைகள் ஓய்வு வேளையில் வரைவதில் செலவிட்ட நேரம் மற்றப் பிள்ளைகளுடையதில் ஏறக்குறையப் பாதியாகிவிட்டது. டியூக் பல்கலைக்கழகத்தின் ஜோர்டன் எட்கின் 2016 இல் வெளியிட்ட பரிசோதனைகளில், நிறந்தீட்டுதல், நடத்தல், வாசித்தல் போன்ற இன்பமான செயல்களை அளந்துகொண்டு செய்தவர்கள் அதிகமாகச் செய்தார்கள், ஆனால் குறைவாகவே அனுபவித்தார்கள். அளந்ததனால் அந்தச் செயல் அவர்களுக்கு வேலையைப் போலத் தோன்றத் தொடங்கியிருந்தது. இந்த ஆசிரியர் நிலாவெளி வீதியில் தினமும் போர்க்கல்லறை வரை நடந்து, பாதி அடிகள் சரியாக அங்கே முடிவதால், அங்கேயே திரும்பி வந்துவிடுவார். அதற்கு எட்டும் தூரத்தில் கடல் இருக்கிறது. கடைசியாக எப்போது கரைக்கு இறங்கினீர்கள் என்று கேட்டேன். நினைவில்லை என்றார்.

முதல் ஐந்து வாரங்களும் என் பிழையும்

பதினான்கைப் பாதியாகக் குறைக்கச் சொன்னேன். எழும்பும் நேரத்தை ஐந்தரைக்குத் தள்ளச் சொன்னேன். பிளேன்ரீயை மாலை ஐந்து மணிக்குப் பின் தவிர்ப்பது, நித்திரை வராதபோது படுக்கையை விட்டு எழுந்து வேறிடத்தில் இருப்பது ஆகிய வழமையான ஆலோசனைகளையும் கொடுத்தேன். இவற்றோடு, துறையில் பரவலாகச் செய்யப்படுவது போல, தினமும் எத்தனை மணித்தியாலம் நித்திரை, மன அமைதி பத்துக்கு எத்தனை என்று குறித்துவரவும் சொன்னேன்.

அதுதான் பிழை. மூன்றாவது சந்திப்புக்கு அவர் அந்தப் புள்ளிகளை வரைபடமாக்கிக் கொண்டுவந்தார். அமைதிக்குக் கிடைத்த புள்ளி ஆறுக்குக் கீழே போன நாட்களில் அன்றிரவு நித்திரை இன்னும் மோசமாகியிருந்தது. புள்ளி குறைந்துவிட்டதே என்ற கவலையினாலேயே அது மேலும் குறைந்திருக்கிறது. அவரிடமிருந்து ஒரு சிவப்புப் பேனையை எடுத்துவிட்டு இன்னொன்றை நானே கையில் கொடுத்திருந்தேன். குறித்துவருவது பலருக்கு உதவுகிறது. ஆனால் குறிப்பதே நோயின் உருவமாக இருக்கும் ஒருவரிடம் அதைக் கேட்டது என் கவனக்குறைவு. இதை அவரிடம் நேரடியாகச் சொல்லி, பதிவை நிறுத்தினோம். நித்திரையைப் பற்றி இனி அவருடைய மனைவியிடம் மட்டும் கேட்பதென்று மூவரும் உடன்பட்டோம்.

கிணற்றடி

ஐந்தாவது சந்திப்பில் கேள்வியை மாற்றினேன். எது உங்களுக்கு அமைதி தரும் என்று கேட்டால் அவர் காணொளிகளிலிருந்து விடை சொல்வார். அது அவருடைய விடையாக இராது. ஆகையால், "நேரம் மிச்சப்படும் என்று சேர் எதையெல்லாம் நிப்பாட்டினீங்க?" என்று கேட்டேன்.

நீண்ட நேரம் பேசாமல் இருந்துவிட்டு, வீட்டுக் கிணற்றில் தண்ணீர் மோட்டார் பூட்டிய கதையைச் சொன்னார். அந்தப் பக்கம் மணல் நிலம். தண்ணீர் அதிக ஆழத்தில் இல்லை. தகப்பனார் ஓய்வுபெற்ற காலத்திலிருந்து, காலையில் கப்பியில் கயிறு போட்டு வாளியால் இறைத்து, செவ்வரத்தை, நந்தியாவட்டை, இரண்டு தேசிமரங்கள் எல்லாவற்றுக்கும் தன் கையால் ஊற்றுவார். தகப்பனாருக்கு இயலாத நாட்களில் மகன் இறைப்பார். அதற்கு 25 நிமிடம் போகிறது என்று கணக்கிட்டு, மகன் மோட்டாரும் குழாயும் பூட்டினார். முதியவரின் முதுகுக்கும் நல்லது என்று நினைத்தார். தகப்பனார் ஒன்றும் சொல்லவில்லை. முற்றத்துக்கு இறங்குவதை மட்டும் குறைத்துக்கொண்டார். இரண்டு மாதத்தில் மாரடைப்பில் இறந்துபோனார்.

"அப்பாவுக்கு அந்த இருபத்தஞ்சு நிமிசம்தான் இருந்தது, மிஸ். நான் அதை எடுத்துப்போட்டன்."

மோட்டாருக்கும் மரணத்துக்கும் தொடர்பில்லை என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதை அவசரமாக எடுத்துச் சொல்லி அவரை ஆற்றுப்படுத்த நான் முயலவில்லை. இழப்பின் துயரம் நெடுங்காலம் தணியாமல் அன்றாட வாழ்வை முடக்கும் நிலையை நீடித்த துயர நோய் என்பார்கள்; கால அளவைத் தவிர அதற்குரிய மற்ற அளவுகோல்கள் அவரிடம் பொருந்தவில்லை. ஆனாலும் துக்கம் இருந்தது, அது 14 கட்டங்களுக்குக் கீழே இருந்தது. அவர் அந்தச் சந்திப்பு முடியும்வரை தகப்பனாரைப் பற்றியே பேசினார்.

அடுத்த காலை அவர் பழைய கயிற்றைத் தேடி எடுத்துக் கப்பியில் போட்டார். இது என் ஆலோசனை அல்ல. கப்பி எண்ணெய் காணாமல் கிறீச்சிட்டிருக்கிறது. குசினியில் இருந்த தாயார் அந்தச் சத்தம் கேட்டு, ஒரு கணம் கணவர்தான் இறைக்கிறார் என்று நினைத்து, கையில் இருந்ததைப் போட்டுவிட்டு வெளியே ஓடி வந்துவிட்டாராம். இருவரும் கிணற்றுக்கட்டில் உட்கார்ந்து அழுதிருக்கிறார்கள். அன்று அவர் பாடசாலைக்குப் பிந்திப் போனார். அதைச் சொல்லும்போது அவர் குரலில் குற்றவுணர்வு இருக்கவில்லை.

அதன் பின்பு நடந்தவற்றில் நான் செய்தது மிகக் குறைவு. தண்ணீர் இறைப்பதைக் கொப்பியில் எழுதாதிருப்பது, கைத்தொலைபேசியை வீட்டுக்குள் வைத்துவிட்டு வருவது, எத்தனை வாளி என்று எண்ணாதிருப்பது ஆகிய மூன்றையும் மட்டும் கேட்டுக்கொண்டேன். கடைசியாகச் சொன்னதுதான் அவருக்கு மிகவும் கடினமாக இருந்தது. சில வாரங்கள் வரை மனம் தானாக எண்ணியது. பிறகு தாயார் படியில் உட்கார்ந்து பூசைக்குப் பூ ஆய்ந்துகொண்டே பேசத் தொடங்கியதால் எண்ணிக்கை தவறிப்போனது. செயலியோடு செய்த மூச்சுப் பயிற்சியில் கிடைக்காத நிதானம் கயிற்றை இழுத்து விடும்போது கிடைக்கிறது என்றார். நிமிடத்துக்கு ஆறு தடவை அளவில் மெதுவாக மூச்சுவிடுவது உடலை அமைதிப்படுத்த உதவும் என்பது பல ஆய்வுகளில் காணப்பட்டதே. அவர் முன்பு அதைச் சரியாகவே செய்துவந்தார். செய்து முடிப்பதற்காகச் செய்தார் என்பதே வேறுபாடு.

வெள்ளிக்கிழமைக் கோயிலும் மாறியது. முன்பு கோட்டை வாசலில் இறங்கி, மான்களைக் கடந்து, சுவாமிமலைக்கு விறுவிறென ஏறிக் கும்பிட்டு, 40 நிமிடத்தில் வீடு திரும்புவார். இப்போது சில வெள்ளிகளில் போவதில்லை. போகும் வெள்ளிகளில் தாயாரையும் கூட்டிக்கொண்டு அவருடைய நடைக்கு நடக்கிறார்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். காலையில் தண்ணீர் இறைப்பது மட்டும் இந்த மனிதரைக் குணமாக்கியிருக்காது. வாரத்துக்கு ஆறு நாள் இரவு ஒன்பது மணிவரை வகுப்பு எடுத்துக்கொண்டு, ஞாயிறு காலையிலும் எடுக்கும் ஒருவருக்கு, அமைதிப் பழக்கம் என்பது பாரத்தை இன்னும் கொஞ்சம் தூக்குவதற்கான தலைச்சும்மாடாகவே ஆகும். செப்டெம்பரில் ஞாயிறு வகுப்பைத் தன்னிடம் முன்பு படித்த இளம் ஆசிரியர் ஒருவரிடம் ஒப்படைத்தார். வருமானம் குறைந்தது. மகளின் படிப்புச் செலவை முன்னிட்டுக் கணவன் மனைவிக்கிடையே இதைப் பற்றிக் கடுமையான பேச்சும் நடந்தது. மனைவி கேட்ட கேள்விகள் நியாயமானவை. இரண்டு வாரம் பேசி, சனிக்கிழமை வகுப்பைத் தொடர்வதென்ற இணக்கத்துக்கு வந்தார்கள். இந்தத் தெரிவு கைக்கெட்டாதவர்கள் பலர் இந்த மாவட்டத்திலேயே இருக்கிறார்கள் என்பதை மறந்து எவருக்கும் காலை வழக்கம் பற்றி ஆலோசனை சொல்லக் கூடாது.

மழை தொடங்கிய பிறகு

நவம்பரில் வடகீழ்ப் பருவமழை பிடித்தது. நிலம் ஊறிக் கிடக்கையில் செடிக்கு ஊற்றுவதற்கு என்ன இருக்கிறது? இது எனக்கு எதிர்பாராத சோதனையாக அமைந்தது. நான்கு மாதம் கட்டிய வழக்கம் அறுந்துபோகும், அவர் திரும்பவும் கொப்பியை எடுப்பார் என்று அஞ்சினேன்.

ஒரு பகுதி அப்படித்தான் நடந்தது. பரீட்சைக்கு முந்திய இரண்டு வாரங்கள் மேலதிக வகுப்புகள் வைத்தார், இரவு ஒரு மணிக்கு விழித்தார், ஒரு மாணவனிடம் கத்தினார். அந்தச் சந்திப்பில் அவர் தோற்றுப்போனவராக வந்து உட்கார்ந்தார். புதிய பழக்கம் ஒன்றைக் கொடுங்கள் என்றும் கேட்டார். நான் கொடுக்கவில்லை. மழைக் காலத்தில் அப்பா காலையில் என்ன செய்வார் என்று மட்டும் கேட்டேன்.

விறாந்தையில் கதிரையைப் போட்டுக்கொண்டு மழையைப் பார்த்தபடி இருப்பார், கிணறு எவ்வளவு ஏறியிருக்கிறது என்று இடைக்கிடை குடையோடு போய் எட்டிப் பார்த்து வந்து அம்மாவுக்குச் சொல்வார் என்றார். சொல்லிவிட்டுத் தானே சிரித்தார்.

டிசம்பரில் அவரும் விறாந்தையில் இருக்கத் தொடங்கினார். எல்லா நாளும் அல்ல. சில நாள் நித்திரையாகிவிடுவார், சில நாள் விடைத்தாள் இருக்கும். கிணற்று நீர் இப்போது எந்தக் கல்வரிசை வரை வந்திருக்கிறது என்பது வீட்டில் நால்வருக்கும் தெரிகிறது.

ஜனவரி

பதினோராவது சந்திப்புக்கு மனைவியும் வந்தார். இரவு பத்தரை அளவில் படுத்தால் பெரும்பாலும் விடியும்வரை எழும்புவதில்லை என்றார். இரத்த அழுத்தம் வழமை நிலைக்கு வந்திருக்கிறது. நித்திரை கூடியதனாலா, வகுப்பு குறைந்ததனாலா, நடை தொடர்வதனாலா என்று பிரித்துச் சொல்ல ஒரே ஒருவரை வைத்து எழுதும் இந்த ஆய்வினால் இயலாது. கோபம் இன்னும் வருகிறது, முக்கியமாகப் பாடசாலையில். கொப்பி அலுமாரியில் இருக்கிறது. எறிந்துவிட அவருக்கு மனமில்லை, நானும் வற்புறுத்தவில்லை. மோட்டாரையும் கழற்றவில்லை. தாயார் குளிப்பதற்கும் வீட்டுத் தொட்டிக்கும் அது வேண்டியிருக்கிறது.

மார்ச் கடைசியில் ஒரு தடவை சந்திப்பதென்று முடிவு செய்திருக்கிறோம். அதற்குள் மழை முற்றாக ஓய்ந்து, செடிகள் தண்ணீர் கேட்கத் தொடங்கியிருக்கும்.